வேர் தேடும் புதினமும் ஜெகதளாவின் இரு காலங்களும்

தன் முன்னோர் யார், எங்கிருந்து வந்தனர், ஏன் வந்தனர் என்று அறிய விரும்புவது மனித இயல்பு. இந்த வேட்கையிலிருந்து பிறந்த இலக்கிய வடிவங்களுள் ஒன்று இரு கால வரலாற்றுப் புதினம். நிகழ்காலத்தில் வாழும் ஒருவர் தொலைந்துபோன தம் வேரைத் தேடுகிறார். கடந்த காலத்தில் அந்த வேர் எவ்வாறு அறுபட்டது என்பது மற்றோர் இழையாக விரிகிறது. இரண்டு இழைகளும் மாறி மாறிப் பின்னப்பட்டு இறுதியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் ஒரு மீட்சி வாய்க்கிறது. பிரிந்தவர் சேர்கின்றனர், மறைக்கப்பட்ட அநீதி வெளிப்படுகிறது, அல்லது தேடியவரின் உள்ளம் அமைதி பெறுகிறது.

இவ்வடிவத்தின் அமைப்பு எத்தகையது, அது தரும் மீட்சி எத்தகையது, தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள ஜெகதளா என்னும் படகர் ஊரை உரைகல்லாகக் கொள்கிறோம். வேர், இடப்பெயர்வு, மறைந்த பெயர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த ஊர் அது.

வடிவமும் அதன் இயக்கமும்

ஒரு பாத்திரம் பழையதை நினைத்துப் பார்ப்பது பின்னோக்கு உத்தி. பல தலைமுறைகளை வரிசையாகச் சொல்வது வமிசக் கதை. இரு கால அமைப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே இரண்டு காலங்களும் தத்தம் அளவில் முழு உயிர்ப்புடன் நடக்கின்றன. ஒன்று மற்றொன்றை விசாரிக்கிறது. கடந்த கால மாந்தர் அறிந்திருந்ததைத் தேடுபவர் அறியார். அவர்களுக்குப் பின்னால் நிகழப்போவதைத் தேடுபவர் அறிவார், அவர்கள் அறியார். இரண்டையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு வாசகருக்கு மட்டுமே கிட்டுகிறது. இவ்வடிவத்தின் சுவையும் துயரமும் இந்த இடைவெளியிலிருந்தே எழுகின்றன.

இரு காலங்களையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு பொருளாக இருக்கும். ஒரு கடிதம், ஒரு நாட்குறிப்பு, ஒரு கல்வெட்டு, ஒரு சுவடி அந்த இணைப்பைச் செய்யலாம். லெபனானில் பிறந்து பிரெஞ்சு மொழியில் எழுதிய அமீன் மாலூஃபின் 'சமர்கந்து' (1988) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினோராம் நூற்றாண்டின் உமர் கய்யாமையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீகத்தில் அலையும் ஒரு மனிதனையும் ஒரே கையெழுத்துச் சுவடி இணைக்கிறது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலோடு அச்சுவடி கடலுள் மறைவதாகக் கதை அமைகிறது.

இவ்வாறு இணைக்கும் பொருள் உண்மையானதா, பொய்யானதா என்ற வினா இயல்பாகவே எழுகிறது. இவ்விடத்தில் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் நம் நினைவுக்கு வருகிறது. அவ்வரலாற்றில் சட்டை மூன்று முறை இடம்பெறுகிறது. முதற்சட்டையில் சகோதரர்கள் பொய்யான இரத்தத்தைத் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவருகின்றனர். அது புனையப்பட்ட சான்று. இரண்டாவது சட்டை பின்புறம் கிழிந்திருந்தமையால் யூசுஃப் நபியின் தூய்மையை நிறுவுகிறது. அது ஆய்ந்து அறியப்பட்ட சான்று. மூன்றாவது சட்டை யஅகூப் நபியின் முகத்தில் இடப்பட்டதும் இழந்த பார்வை மீள்கிறது, அது மீட்சி. பொய்ச் சான்றை ஏற்க மறுப்பதும் மெய்ச் சான்றை ஆய்ந்து தெளிவதும் நிகழ்ந்த பின்னரே மீட்சி வருகிறது. இந்த வரிசை இரு காலப் புதினத்துக்கும் பொருந்தும் அளவுகோல் என்பது நம் கருத்து.

உலக நூல்கள் இரண்டு

வேர் தேடும் இலக்கியத்தில் உலகப் புகழ் பெற்றது அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' (1976). அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரான ஹேலி, காம்பியா நாட்டு ஜுஃபுரே கிராமத்திலிருந்து அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்ட குன்டா கின்டே என்னும் மன்டிங்கா இன முஸ்லிம் இளைஞனைத் தம் முன்னோராகக் கண்டடைந்ததாக எழுதினார். அடிமைக் கப்பல்களில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை உலக வாசகரின் உள்ளத்தில் பதித்த நூல் இது. எனினும் 1977இலேயே இதன் சான்றுகள் கேள்விக்குள்ளாயின. ஜுஃபுரேயில் வமிச வரலாறு சொன்ன முதியவர், ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பதை முன்பே அறிந்திருந்தார் என்பது வெளிப்பட்டது. ஹெரால்டு கூர்லாண்டர் என்பவரின் புதினத்திலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கு 1978இல் இழப்பீட்டுடன் முடிந்தது. அடிமை வணிகத்தின் கொடுமை இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆயினும், கேட்பவர் விரும்புவதையே வாய்மொழி மரபு சில வேளைகளில் திருப்பிச் சொல்லும் என்பதற்கு இது சான்று.

அமிதவ் கோஷின் 'பழமையான நிலத்தில்' (1992) மற்றொரு வழியைக் காட்டுகிறது. புதினம், வரலாறு, பயண நூல் என ஒரு வகைக்குள் அடங்காத நூல் இது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகையிடத்தில் சேர்ந்திருந்த கடிதங்களிலிருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரையும் அவருடைய ஊழியன் பொம்மாவையும் கோஷ் தேடுகிறார். மற்றோர் இழையில், 1980களில் எகிப்தியக் கிராமம் ஒன்றில் முஸ்லிம் உழவரிடையே அவர் வாழ்ந்த வாழ்க்கை விரிகிறது. ஊழியனைப் பற்றிக் கிடைப்பவை மிகச் சில குறிப்புகளே. அந்தச் சிலவற்றைக் கோஷ் பெருக்கிக் காட்டவில்லை. சான்று நின்ற இடத்தில் தாமும் நின்றார். அந்த நேர்மையே நூலுக்கு வலிமையாக அமைந்தது.

தமிழில் ஒரு முன்னோடி

தமிழில் வேர் தேடும் புதினம் என்றதும் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) முதலில் நினைவுக்கு வரும். கரிசல் மண்ணில் குடியேறிய தெலுங்குக் குடும்பம் ஒன்றின் வாழ்வு ஓர் இழை. நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் பூர்வகதை மற்றோர் இழை. அழகியான சென்னாதேவியை முஸ்லிம் மன்னன் ஒருவன் அடைய விரும்பினான் என்றும், அவளைக் காக்க அவளுடைய உறவினர் நாட்டைவிட்டு ஓடிவந்தனர் என்றும் அக்கதை சொல்கிறது.

கி.ரா. வாய்மொழியை வாய்மொழியாகவே பதிந்தவர். பாட்டியின் சொல்லைச் சோதிப்பது அவருடைய நோக்கம் அன்று. அதைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. ஆனால், இதே கதைக்கூறு அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. வடக்கிலிருந்து தெற்கே வந்த பல சமூகங்களிடம் இது வழங்குகிறது. பெண் கேட்ட முஸ்லிம் அரசன், இரவோடிரவாக ஓட்டம், வழிமறித்த ஆறு, அதைக் கடக்க நேர்ந்த அற்புதம் எனக் கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீலகிரிப் படகரின் பூர்வகதையிலும் இவற்றைக் காண்கிறோம்.

படகர் வாழ்வைத் தமிழ்ப் புதினத்துக்குள் கொண்டுவந்தவர் ராஜம் கிருஷ்ணன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு, பழைய வேளாண் வாழ்விலிருந்து தேயிலைக்கும் பணப்பயிர்ப் பொருளாதாரத்துக்கும் மாறிய சமூகத்தைத் தம் 'குறிஞ்சித் தேன்' (1963) நூலில் அவர் சித்திரித்தார். அது மாற்றத்தின் கதை. அதற்கு முந்தைய தோற்றத்தின் கதை இன்னும் விரிவாக எழுதப்படத் தக்கது.

ஜெகதளாவின் இரு காலங்கள்

படகர் என்னும் பெயருக்கு வடக்கத்தியர் என்பது பொருள். அவர்களின் மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. மைசூர்ப் பகுதியிலிருந்து அவர்கள் மலையேறி வந்தனர் என்பதில் ஐயமில்லை. ஏன் வந்தனர் என்பதற்கு அவர்களிடையே பரவலாக வழங்கும் கதை, முஸ்லிம் ஆட்சியாளன் ஒருவன் தம் குலப் பெண்ணைக் கேட்டதால் சகோதரர்கள் அவளை அழைத்துக்கொண்டு ஓடிவந்தனர் என்பதாகும். சில வடிவங்களில் அந்த ஆட்சியாளனின் பெயர் திப்பு சுல்தான் என்றே வழங்குகிறது.

இக்கதையைக் காலக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜியாக்கோமோ ஃபினிசியோ என்னும் யேசு சபைப் பாதிரியார் 1603இல் மலபார்க் கரையிலிருந்து நீலகிரி மலைக்கு வந்தார். தொதவர்கள் தொலைந்துபோன பழைய கிறித்தவர்களாக இருக்கக்கூடும் என்ற செய்தியே அவரை அங்கே இழுத்தது. அவரும் வேர் தேடி வந்தவரே, தேடியது கிட்டவில்லை. ஆனால் அவர் எழுதிய அறிக்கையில் படகர் அம்மலையில் வாழ்ந்த செய்தி பதிவாகியிருக்கிறது. இவ்வறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தொதவர் பற்றிய தம் நூலில் (1906) வெளியிட்டார்.

திப்பு சுல்தான் ஆண்டது 1782 முதல் 1799 வரை. அவர் அரியணை ஏறுவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே படகர் நீலகிரியில் இருந்தனர். ஆகவே அவர்களின் வருகைக்குத் திப்பு காரணமாக இருக்க இயலாது. திப்பு மட்டுமன்று. ஸ்ரீரங்கப்பட்டணம் 1610 வரை விஜயநகரப் பிரதிநிதியின் கையில் இருந்தது. அவ்வாண்டில் அது இராஜ உடையாரிடம் சென்றது. ஃபினிசியோ மலையேறிய காலத்தில் தென் மைசூரை ஆண்ட முஸ்லிம் அரசர் எவரும் இலர். படகரின் சமூக வரலாற்றை நெடுங்காலம் ஆய்ந்த மானிடவியலாளர் பால் ஹாக்கிங்ஸ், 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததற்குப் பிந்தைய குழப்பங்களோடு இக்குடியேற்றத்தைத் தொடர்புபடுத்துகிறார். அப்போரில் வென்றவர்கள் தக்காண சுல்தான்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பேரரசு சரிந்தபின் பாளையத்தார் போட்டி, வரிச்சுமை, பஞ்சம் எனப் பல காரணங்கள் குடியானவரை இடம்பெயரச் செய்திருக்கக்கூடும்.

அவ்வாறாயின் திப்புவின் பெயர் கதைக்குள் எவ்வாறு நுழைந்தது? வாய்மொழி மரபு பழைய அச்சத்தை அண்மைக் காலத்துப் பெரும் பெயர் ஒன்றின்மேல் ஏற்றிவைப்பது வழக்கம். நீலகிரி 1799க்கு முன் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் அப்பெயர் அங்கே அறிமுகமானது. திப்புவைக் கொடுங்கோலராகச் சித்திரிக்கும் எழுத்துகள் அவருடைய வீழ்ச்சிக்குப் பின் ஆங்கிலேயரிடையே பெருகின. மலைமக்களின் கதைகள் அச்சேறியதும் அவர்களின் ஆட்சிக் காலத்திலேயே. இவையெல்லாம் கதையின் வடிவத்தை உறுதிப்படுத்தியிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

ஜெகதளாவுக்கு உரிய தனிச் செய்தி ஒன்று இவ்விடத்தில் சேர்கிறது. 1850களில் ஆங்கிலப் படையினருக்காக இம்மலையில் படைவீடு கட்டப்பட்டபோது, அருகிலிருந்த படகர் ஊரின் பெயராலேயே அவ்விடம் ஜெகதளா எனப்பட்டது. பின்னர், சர் சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1859 - 1860) அதற்கு வெலிங்டன் என்று பெயர் சூட்டப்பட்டது. 1947க்குப் பின் இந்திய முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி அமைந்ததும் அங்கேதான். படைவீட்டின் பெயராக இருந்த ஜெகதளா மறைந்து, பழைய ஊரின் பெயராக மட்டும் நிலைத்தது.

வெலிங்டன் பிரபு என்பவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799 மே 4இல் திப்பு வீழ்ந்த முற்றுகையில் பங்கேற்றவர். அதன்பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஆளுகைப் பொறுப்பை ஏற்றவர். அவ்வாண்டு உடன்படிக்கையின் வழியேதான் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஆக, படகர் ஊரின் பெயரைத் தாங்கிய நிலத்தில் திப்புவை வென்றவரின் பெயர் பொறிக்கப்பட்டது. அதே மலையின் பூர்வகதையிலோ குற்றம் திப்புவின்மேல் ஏற்றப்பட்டது. நிலத்தின் பெயரை மாற்றியவரைக் கதை மறந்துவிட்டது. தொடர்பே இல்லாதவரை நினைவில் வைத்திருக்கிறது. இரு காலப் புதினத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

ஆய்வின் பொறுப்பு

இவ்வூரைக் களமாகக் கொண்டு ஒரு புதினம் எழுதப்படுமாயின், அதன் நிகழ்கால இழையில் ஜெகதளாவைச் சேர்ந்த படகப் பெண் ஒருத்தி தன் பாட்டி சொன்ன கதையின் தடத்தைத் தேடிச் செல்வதாகக் கொள்வோம். கடந்த கால இழையில், பெயரறியாத ஒரு குடும்பம் சமவெளியைவிட்டு மலையேறுகிறது. தேடுபவள் பழைய பாதிரியாரின் அறிக்கையைக் காண்கிறாள். திப்பு இல்லை என்று தெளிகிறாள். அந்நிலையில் பாட்டியிடம் அவள் என்ன சொல்வாள் என்பதே கதையின் உயிர்நிலை.

பாட்டி பொய் சொன்னாள் என்று முடித்தால் அது அநீதி. ஏனெனில், கதையில் காலமும் பெயரும் பிழைபட்டாலும் அதன் உட்கருவில் ஓர் உண்மை இருக்கிறது. வலியவன் ஒருவனின் விருப்பத்துக்குத் தம் மகளை விட்டுக்கொடுக்க மறுத்து, நிலத்தையும் வீட்டையும் துறந்து வெளியேறிய மக்களின் மானம் அதில் காக்கப்பட்டிருக்கிறது. படகர் தம் முன்னோரான ஹெத்தையைத் தாயாகப் போற்றி ஆண்டுதோறும் விழா எடுப்பதிலும் பெண்ணின் நினைவைச் சுற்றி அமைந்த அந்த மதிப்பைக் காணலாம். பெயரைத் திருத்துவதற்காக அம்மானத்தைப் பறித்துவிடலாகாது.

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு இறைமறை (49:6) கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு சமூகத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரக்கூடாது என்பதே அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம். நபிமொழிக் கலையின் அறிஞர்கள் இக்கட்டளையை ஒரு துறையாகவே வளர்த்தனர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்கக் காலம் இடம் தருகிறதா என்று ஒவ்வொரு கண்ணியையும் அவர்கள் சோதித்தனர். திப்புவின் காலத்தையும் ஃபினிசியோவின் காலத்தையும் ஒப்பிடும் முறை அந்த மரபுக்கு அயலானதன்று. அறிவிப்புகளை அவற்றின் இயலும் தன்மையோடு ஒப்பிடாமல் ஏற்ற வரலாற்றாசிரியர்களை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் (1377) கடிந்துரைத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் பக்கம் திரும்பும் அளவுகோல்

இதுவரை சொன்னவை நமக்கு மகிழ்ச்சி தரக்கூடும். பழி நீங்கியது என்ற நிறைவு எழும். அங்கேயே நின்றுவிட்டால் நாம் இவ்வடிவத்திலிருந்து எதையும் கற்றவராக மாட்டோம்.

திப்பு இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்பது ஒன்று. எக்குற்றமும் செய்யாதவர் என்பது வேறு. 1784இல் மங்களூர்க் கிறித்தவர்கள் பெருந்தொகையாகச் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குடகு மக்களும் அவ்வாறே துன்புற்றனர். அம்மக்களின் நினைவுக்குச் சான்றுகள் உள்ளன. நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதியின் சாட்சிகளாக நிற்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. ஜெகதளாவில் திப்புவுக்காகச் சாட்சி சொல்லும் நாவு மங்களூரில் மௌனம் சாதித்தால், முதற்சாட்சியமும் மதிப்பிழந்துவிடும்.

அவ்வாறே நம் சொந்தப் பூர்வகதைகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அரபு வணிகர் வமிசம் என்றும், உள்நாட்டில் குதிரைவீரர் வமிசம் என்றும் பெருமையாகச் சொல்லப்படும் மரபுகள் நம்மிடம் உண்டு. அவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. அரேபியாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையே குதிரையும் முத்தும் வாணிகமாயின, மணவுறவுகளும் நிகழ்ந்தன. ஆனால் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இம்மண்ணிலேயே வேர்கொண்டு, இம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டு, இஸ்லாத்தைத் தழுவியவர்களின் வழிவந்தவர்கள். இதைச் சொல்வதில் சிலருக்கு இன்றும் ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கத்தின் பின்னே, ஒடுக்கப்பட்ட குலத்திலிருந்து வந்த பாட்டன் ஒருவர் நம் குடும்ப வரலாற்றிலிருந்து சத்தமின்றி நீக்கப்பட்டிருக்கக்கூடும். ஏற்றத்தாழ்வைத் துறந்து வந்தவரையே, ஏற்றத்தை நாடி நாம் மறந்துவிட்டோமாயின் அது எத்துணைக் கொடிய முரண்!

வமிசம் என்பது பெரும்பாலும் கற்பிதமே, மக்களைப் பிணைக்கும் அளவில்தான் அதற்குப் பயன் உண்டு என்ற கருத்தை இப்னு கல்தூன் முன்வைத்தார். அரபியருக்கு அரபியரல்லாதார்மீதோ, அரபியரல்லாதாருக்கு அரபியர்மீதோ இறையச்சத்தினாலன்றி மேன்மை இல்லை என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரையின் சாரம். இவற்றை மேடைதோறும் முழங்கும் நாம், திருமணப் பேச்சில் குலம் விசாரிக்கும்போது மறந்துவிடுகிறோம்.

மீட்சி எதில் உள்ளது

வேர் தேடும் புதினங்களில் மலிவானவை, உயர்ந்த குடியில் பிறந்தவர் என்று கண்டுபிடிப்பதையே மீட்சியாக்கிவிடுகின்றன. வேறு சில, முன்னோரின் குற்றத்துக்குப் பேரர்களைக் கூண்டிலேற்றுகின்றன. இரண்டும் இஸ்லாமிய நோக்குக்கு உடன்பாடானவை அல்ல. ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது இறைமறை பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. பிறப்பு எவரையும் உயர்த்துவதில்லை. பிறப்பின் வழியே குற்றமும் இறங்குவதில்லை. ஆனால் அறிந்த உண்மைக்கு என்ன செய்தோம் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் விடைசொல்லியாக வேண்டும். தேடுபவரின் மீட்சி அந்த விடையில் இருக்கிறது.

யூசுஃப் நபியின் வரலாற்றில் உண்மை வெளிப்பட்ட நாளில் பழிவாங்கல் நிகழவில்லை. குற்றம் செய்தோர் அதை ஒப்புக்கொண்டனர், துன்புற்றவர் மன்னித்தார். ஜெகதளாவின் பேத்தியும் பாட்டியிடம், ஓடிவந்த நம் முன்னோரின் துயரம் மெய், துரத்தியவன் பெயர் மட்டும் வேறு என்று சொல்லக்கூடும். அதைக் கேட்கும் முஸ்லிம் வாசகர், தம் வீட்டில் மறைக்கப்பட்ட பாட்டனின் பெயரைத் தேடத் தொடங்குவாராயின் அப்புதினம் தன் பணியை நிறைவேற்றியதாகும். மாந்தர் பல கூட்டங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்கிறது திருமறை (49:13). பிறருடைய பூர்வகதையைப் பரிவோடும் நம்முடையதைக் கண்டிப்போடும் ஆராய்வது அவ்வறிதலின் முதற்படி.